பிட்காயின் இயந்திரம் ஏன் பாதியில் நிற்கிறது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ராக்டேல் என்றொரு சிற்றூர். 1950களில் அல்கோவா நிறுவனம் அங்கே அலுமினிய உருக்காலையைத் தொடங்கியது. 2008இல் உருக்குவது நின்றுபோனது. ஆலைக்காக இழுத்த கனத்த மின்தடங்கள் மட்டும் மிஞ்சின. ரயட் நிறுவனம் 2021இல் வாங்கிய, பிட்காயின் தோண்டும் மையம் இன்று அந்த இடத்தில்தான் ஓடுகிறது. அலுமினியம் உருக்கத் தேவைப்பட்டதைப் போலவே இந்தத் தொழிலுக்கும் முதல் தேவை ஏராளமான மின்சாரம். கூடவே இன்னொரு தேவையும் இருக்கிறது. உள்ளே வந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறுவதால், அந்த வெப்பத்தை உடனுக்குடன் வெளியே தள்ளியாக வேண்டும்.

பிட்மெயின் நிறுவனத்தின் ஆன்ட்மைனர் எஸ்19 புரோ என்ற பிட்காயின் தோண்டும் இயந்திரம் 2020இல் வந்தது. அது விநாடிக்கு 110 லட்சம் கோடி முறை ஒரே வகைக் கணக்கைப் போட்டுப் பார்க்கும். அதற்கு ஏறத்தாழ 3,250 வாட் மின்சாரம் வேண்டும். மணிக்கு 11,000 பிடியுவுக்குக் கொஞ்சம் கூடுதலான வெப்பம் அதிலிருந்து வரும். ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் வெளியேற்றுவது 12,000 பிடியு. ஆக ஒரு டன் ஏசி முக்கி முனகி வெளியேற்றும் வெப்பத்தை, ஷூ பெட்டிகள் சிலவற்றை அடுக்கிய அளவே உள்ள ஒரு பெட்டி இரவும் பகலும் அறைக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த இயந்திரம் நின்றுபோனால் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். திரையில் சூடு என்று வந்தால் ஃபேனை மாற்றுகிறார்கள், மின்சாரம் என்று வந்தால் பவர் சப்ளையை மாற்றுகிறார்கள். இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகங்களாக இருப்பதே வழக்கம். வயரில் உள்ள குறை சிப்பில் சூடாகத் தெரியும். அறையின் சூடு பிரேக்கர் விழுவதாகத் தெரியும். அதனால் பாகங்களை வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும், அதையும் சுவரிலிருந்து தொடங்க வேண்டும்.

சுவரிலிருந்து இயந்திரம் வரை

240 வோல்ட் இணைப்பில் ஓர் எஸ்19 இழுப்பது சுமார் 13.5 ஆம்பியர். 30 ஆம்பியர் பிரேக்கர் உள்ள தடத்தில் இரண்டு இயந்திரங்களைப் போட்டால் 27 ஆம்பியர்தானே, தாங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் சுமைக்குத் தடத்தின் திறனில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க மின் விதி. 30 ஆம்பியர் தடத்துக்கு அது 24. மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் சற்று ஓடி ஓய்வெடுக்கும். இந்த இயந்திரத்துக்கு ஓய்வே இல்லை, வயரும் பிரேக்கரும் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

விதியை மீறியவர்களுக்குக் காலையில் ஒன்றும் ஆகாது. பிற்பகலில் பிரேக்கர் விழும். பிரேக்கரே பழுது என்று நினைத்து மாற்றுவார்கள், மறுநாள் பிற்பகலிலும் விழும். உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைவதால்தான் வழக்கமான பிரேக்கர் விழுகிறது. அந்தப் பெட்டி இருக்கும் அறையே கொதித்துக்கொண்டிருந்தால், குறைந்த ஆம்பியரிலேயே பட்டை வளைந்துவிடும். மின்சாரக் கோளாறாகத் தோன்றும் இதற்கு அறையின் காற்றும் ஒரு காரணம். இந்த நிலையில் இன்னும் பெரிய பிரேக்கரைப் போடுவது மிக ஆபத்தான காரியம். வயர் அதே பழைய வயர். பிரேக்கர் விழாது, வயர்தான் எரியும்.

அடுத்து லூஸ் கான்டாக்ட். டெர்மினல் திருகு ஒன்று சரியாக இறுகாமல் பத்தில் ஒரு ஓம் தடை உண்டானால், 13.5 ஆம்பியர் ஓடும்போது அந்த ஓரிடத்தில் மட்டும் 18 வாட் வெப்பம் பிறக்கும். திருகு சூடேறி விரியும், ஆறிச் சுருங்கும், இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். பிளக்கின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாவதும் மீன் நாற்றம் போன்ற வாடை வருவதும் இதன் அறிகுறிகள். இயந்திரம் முழுச் சுமையில் ஓடும்போது அதன் வாயிலில் வோல்டேஜ் எவ்வளவு, நிறுத்தியிருக்கும்போது எவ்வளவு என்று குறித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 3 விழுக்காட்டுக்கு மேல் போனால், இயந்திரத்தைத் தொடாமல் வயரிங்கைப் பாருங்கள்.

வோல்டேஜ் குறைந்தால் இயந்திரமும் குறைவாகத்தானே இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய குண்டு பல்புக்கு அது பொருந்தும். இந்தப் பவர் சப்ளைகளோ வெளியே தர வேண்டிய வாட்டைத் தந்தே தீரும்படி வடிவமைக்கப்பட்டவை. வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியரை ஏற்றிக்கொள்ளும். 240 வோல்ட் 208 ஆகிவிட்டால் 13.5 ஆம்பியர் 15.6 ஆகும், வயர் இன்னும் சூடாகும், வோல்டேஜ் இன்னும் இறங்கும். இறுதியில் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அதைக் கழற்றிப் பழுது பார்க்கக் கொண்டுபோனால், கடையில் நன்றாகவே ஓடும்.

கிராஃபிக்ஸ் கார்டுகளை வைத்து எத்தீரியம் போன்ற மற்ற மின்நாணயங்களைத் தோண்டியவர்களுக்கு இதே பாடம் சிறிய அளவில் கிடைத்தது. கார்டைத் தூக்கி நிறுத்தும் ரைசருக்கு 75 வாட் வரை தேவைப்படலாம். ஹார்டு டிஸ்குக்கென்று வந்த சாட்டா பவர் இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். கையில் கிடைத்த அடாப்டரைச் செருகியவர்களின் இணைப்புகள் உருகிக் கருகின. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தோண்டும் முறையையே கைவிட்டதோடு அந்தக் கார்டுத் தொழில் பெரும்பாலும் ஓய்ந்தது.

போர்டுக்குள்

எஸ்19 புரோவில் மூன்று கணிப்பு போர்டுகள், போர்டுக்கு 114 சிப்கள். மூன்று மூன்றாக 38 குழுக்கள். இந்தக் குழுக்களைத் திருமண வீட்டு சீரியல் லைட் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். போர்டுக்கு வரும் பதினான்கு வோல்ட் அளவை 38 குழுக்கள் பகிர்ந்துகொள்ளும்போது, ஒவ்வொன்றுக்கும் அரை வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். வோல்டேஜ் இவ்வளவு சிறிது என்பதால் ஆம்பியர் மிகப் பெரிது. மூன்று போர்டுகளுக்கும் சேர்த்து 200 ஆம்பியருக்கு மேல். அது சாதாரண வயரில் போகாது என்பதால் செப்புப் பட்டைகள் வைத்துத் திருகியிருக்கிறார்கள். கழற்றிச் சுத்தம் செய்தவர் ஒரு திருகைச் சரியாக இறுக்காமல் விட்டால், அந்த இடம் கருகிவிடும்.

கட்டளையும் சிப்பிலிருந்து சிப்புக்குச் சங்கிலியாகத்தான் போகிறது. நடுவில் ஒரு சிப் பேசாமல் போனால் அதற்குப் பின்னால் உள்ளவை இருப்பதே தெரியாது. இயந்திரத்தின் பதிவேட்டில், தொடங்கும்போது எத்தனை சிப்கள் கண்ணில் பட்டன என்ற எண் வரும். 114க்குப் பதில் 47 என்றிருந்தால், சங்கிலி அறுந்த இடத்தை 47ஆவது சிப்பைச் சுற்றித் தேடலாம். பூஜ்யம் என்றிருந்தால் அந்தப் போர்டுக்கு மின்சாரமே வரவில்லையா, கேபிள் சரியாக அமரவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இடம் மாற்றிப் பார்ப்பதுதான். மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, ஓடாத போர்டையும் ஓடும் போர்டையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். கோளாறு போர்டோடு கூடவே நகர்ந்தால் போர்டு பழுது. பழைய இடத்திலேயே நின்றால் கேபிள், கட்டுப்பாட்டு போர்டு, பவர் சப்ளை ஆகிய மூன்றில் ஒன்று. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே விலை உயர்ந்த போர்டுகளை வாங்கி அடுக்குவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

2019இல் வந்த எஸ்17 வரிசையில் சிப் மேல் ஒட்டியிருக்கும் ஹீட்சிங்குகள் கழன்று விழுவதாகப் பரவலாகப் புகார் எழுந்தது. விழுந்த உலோகத்துண்டு பக்கத்துச் சிப்களை ஷார்ட் ஆக்கிவிடும். பவர் சப்ளை ஆபத்தை உணர்ந்து அணையும். பெட்டியைத் தூக்கி மெல்ல ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கிறதா? கேட்டால் மின்சாரம் கொடுக்கவே கூடாது.

காற்றின் கணக்கு

எஸ்19 போன்ற ஓர் இயந்திரத்தைக் கடந்து போகும் காற்று 20 டிகிரி மட்டும் சூடாக வேண்டுமானால், விநாடிக்கு ஏறத்தாழ 0.14 கன மீட்டர் காற்று வேண்டும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள அறையின் காற்று முழுவதையும் மூன்றரை நிமிடத்தில் ஒரே இயந்திரம் உறிஞ்சித் துப்பிவிடும். கதவைச் சாத்திவிட்டால், சுவர்கள் கொஞ்சமும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொண்டால், அறைக்காற்று நிமிடத்துக்கு ஐந்து டிகிரிக்கு மேல் ஏறும்.

சூடு என்று எச்சரிக்கை வந்ததும் அளக்க வேண்டியவை இரண்டு: வெளிக்காற்றின் வெப்பநிலை, இயந்திரத்தின் முகப்பில் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை. இரண்டும் ஒன்றாக இருந்தால் அறை நன்றாக இருக்கிறது, கோளாறு இயந்திரத்துக்குள்: தூசி, ஃபேன், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவிக் காய்ந்துபோன பேஸ்ட். முகப்பில் பத்து டிகிரி கூடுதலாக இருந்தால், பின்னால் துப்பிய சூடான காற்று சுற்றிவந்து முன்னால் மறுபடி நுழைகிறது. இதற்கு எத்தனை புது ஃபேன் போட்டாலும் பயனில்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அட்டையோ தகரமோ வைத்துத் தடுத்து, இயந்திரம் இல்லாத வெற்று இடங்களை மூடிவிட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதும் வேகத்தில் அது சுழன்றால் மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்குள் அனுப்பிவிடும். ஃபேனின் சுற்று எண்ணிக்கை வராவிட்டால் இயந்திரம் கணிப்பதையே நிறுத்திவிடும். அது பாதுகாப்புக்காக வைத்தது, ஏமாற்றி ஓட்டக் கூடாது.

ஏசி போட்டால் தீராதா? தீரும், கணக்குத்தான் உதைக்கும். மூன்று வாட் வெப்பத்தை வெளியேற்ற ஏசி ஏறத்தாழ ஒரு வாட் மின்சாரம் தின்னும். மின்கட்டணமே லாபத்தைத் தீர்மானிக்கும் தொழிலில், அதிலும் 2024 ஏப்ரலில் கணக்கில் வென்று ஒரு பிளாக்கைச் சேர்ப்பவருக்கான பரிசு 6.25இலிருந்து 3.125 பிட்காயினாகக் குறைந்த பிறகு, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது கட்டுப்படியாகாது. வெயில் நாளில் நான் சொல்லும் முதல் வைத்தியம் வேகத்தைக் குறைப்பதுதான். சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜுக்கு இருபடி விகிதத்திலும் ஏறும். இரண்டையும் கொஞ்சம் இறக்கினால் கணிப்பில் இழப்பது சிறிது, வெப்பத்தில் குறைவது பெரிது. சூடான சிப்பில் கசிவு மின்னோட்டமும் கூடும், அந்தக் கசிவே மேலும் சூட்டைத் தரும். வேகத்தைக் குறைத்தால் இந்தச் சுழலும் அறுபடும்.

வறண்ட மேற்கு டெக்சாஸில் நனைந்த அட்டைச் சுவர் வழியாகக் காற்றை இழுத்துக் குளிர்விப்பது நன்றாக எடுபடும். வளைகுடாக் கடலோரத்தின் ஈரக்காற்றில் அது அவ்வளவாக எடுபடாது. தண்ணீரில் உப்பு அதிகமென்றால் போர்டில் வெள்ளையாகப் படிந்து அரிக்கும்.

எண்ணெய்த் தொட்டியும் பனிப்புயலும்

மின்சாரம் கடத்தாத திரவத்தில் இயந்திரத்தையே மூழ்க வைக்கும் முறையை ராக்டேலில் பெரிய அளவில் கொண்டுவரப்போவதாக 2021 அக்டோபரில் ரயட் அறிவித்தது. தூசி இல்லை, ஃபேனின் இரைச்சல் இல்லை. மூழ்க வைப்பதற்கு முன் ஃபேன்களைக் கழற்றி, அவை இல்லாமலும் ஓடும்படி மென்பொருளை மாற்ற வேண்டும். சிலவகைப் பேஸ்ட் திரவத்தில் கரைந்துவிடும் என்பதால் அதையும் நீக்க வேண்டும். அப்போதும் வெப்பம் குழாய் வழியாக வெளியே போய் ஆறித்தான் ஆக வேண்டும். வெளியே 40 டிகிரி என்றால் உலர் குளிர்விப்பானில் திரவம் அதற்குக் கீழே இறங்காது.

2022 டிசம்பர் இறுதியில் டெக்சாஸைத் தாக்கிய கடுங்குளிரில், ராக்டேலின் எஃப், ஜி ஆகிய இரண்டு கட்டடங்களில் குழாய்கள் சேதமடைந்தன. விநாடிக்கு சுமார் 2.5 எக்சாஹாஷ் கணிப்பு வேகத்துக்கான இயந்திரங்கள் முடங்கின. வெப்பத்தை வெல்லக் கட்டிய அமைப்பைக் குளிர் வீழ்த்தியது.

டெக்சாஸ் மின்தொகுப்பில் தட்டுப்பாடு வரும்போது இந்த மையங்கள் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டால் பணம் கிடைக்கும். 2023 ஆகஸ்டில் மட்டும் ரயட் இப்படி 3.17 கோடி டாலர் வரவு பெற்றது. அந்த மாதம் தோண்டிய பிட்காயினின் மதிப்பைவிட அது பல மடங்கு. ஆனால் ஒவ்வொரு முறை நிறுத்தி ஓட்டும்போதும் போர்டு ஆறிச் சுருங்கிச் சூடேறி விரிகிறது, ஈயப் பற்றுகளில் நுண்ணிய விரிசல் வளர்கிறது. சூட்டில் ஒழுங்காக ஓடிய இயந்திரம் ஆறிய பிறகு கிளம்ப மறுத்தால், இந்த விரிசலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மின்சாரம் திரும்பும்போது எல்லாம் ஒரே நொடியில் கிளம்பினால் பிரேக்கர்கள் வரிசையாக விழும். அதனால் வரிசை வரிசையாக, சில விநாடி இடைவெளி விட்டு ஏற்றுகிறார்கள்.

பவர் சப்ளையின் மூடியை மட்டும் யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். அதைப் பாதுகாப்பாக வடிக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். கொடுக்கும்போது, சுமையில் அளந்த வோல்டேஜையும் முகப்புக் காற்றின் வெப்பநிலையையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.