மண்டையில் ஒரு பிளக் பாயின்ட்

மாத்யூ நேகல் என்ற அமெரிக்க இளைஞரின் படம் 2006 ஜூலையில் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. கழுத்தில் கத்திக்குத்துப்பட்டு, அதற்குக் கீழே எதுவும் அசையாமல் போனவர். 2004-ல் அவர் மூளையில் ஒரு சில்லு வைத்தார்கள். அதன் புண்ணியத்தில், வெறுமனே நினைத்தே கணினித் திரையில் அம்புக்குறியை நகர்த்தினார், டிவியை இயக்கினார், செயற்கைக் கை ஒன்றை மூடித் திறந்தார். எல்லாரும் அந்த அதிசயத்தைப் பற்றி எழுதினார்கள். என் கண் போனது வேறு இடத்துக்கு. அவர் தலையில் திருகு மூடி மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கேபிள். மனிதர் மண்டையில் பிளக் பாயின்ட்!

மூளையையும் கணினியையும் இணைப்பது என்றாலே பேச்சு செயற்கை நுண்ணறிவுக்கும் மனதைப் படிப்பதற்கும் ஓடிவிடுகிறது. ஆனால் இந்தத் துறை பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது நம் தெரு எலக்ட்ரீஷியனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிரச்சினையோடுதான்: லூஸ் கனெக்‌ஷன்.

நேகலின் மூளைக்குள் போனது 'யூட்டா அரே'. யூட்டா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் நார்மன் உருவாக்கியது. 4 மில்லிமீட்டர் சதுரம். ஒரு மூக்குத்தி அளவு. அதில் பத்துக்குப் பத்தாக நூறு சிலிக்கான் ஊசிகள். ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். நூறில் 96 ஊசிகளிலிருந்து மட்டும் கம்பி வெளியே வரும். இதை மூளையில் இறக்குவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆணிப்படுக்கையில் படுக்கும் சாமியாருக்கு ஆணி குத்துவதில்லை அல்லவா? பாரம் எல்லா ஆணிகளுக்கும் பங்காகிவிடுகிறது. இங்கேயும் அதே கதை. மெதுவாக அழுத்தினால் நூறு ஊசியும் சேர்ந்து மூளையை அமுக்கிக் குழியாக்குமே தவிர, உள்ளே இறங்காது. அதனால் காற்றழுத்தத்தால் இயங்கும் ஒரு குட்டிச் சுத்தியலால் ஒரே அடி. வினாடிக்கு 8 மீட்டருக்கும் அதிகமான வேகம் வேண்டும் என்று நார்மனும் பேட்ரிக் ரூஷும் 1992-ல் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் புது ஊசிகளைக் குத்திப் பார்க்க, மூளைக்குப் பதிலாக வைப்பது நீர்க்க இறுகிய அகர் ஜெல். நோன்பு திறக்கும்போது தட்டில் வைக்கிறார்களே, அந்தக் கடல்பாசியேதான். மூளை அவ்வளவு மென்மை. அதில் குத்துவதோ கண்ணாடி போல விறைத்த சிலிக்கான்.

இறங்கிய ஊசி கேட்பது என்ன? பக்கத்து நியூரான் ஒன்று துடிக்கும்போது எழும் சின்ன மின்னசைவை. நூறு மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டைப் பதினைந்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. நோயாளி பல்லைக் கடித்தால் தாடைத் தசையிலிருந்து வரும் சத்தமே இதை மூழ்கடித்துவிடும். இப்படிப்பட்ட 96 முணுமுணுப்புகள், மயிரிழைக் கம்பிகள் வழியாக மண்டையோட்டில் திருகிய டைட்டானியப் பீடத்துக்கு வருகின்றன. அங்கே சாக்கெட்டில் நெருக்கமாக 96 தொடுமுனைகள். நடுவில் ஒரு துளி ஈரம் புகுந்தால் போதும், ஒரு கம்பியின் முணுமுணுப்பு அடுத்த கம்பியில் கசியும். மூளை நன்றாக இருக்கும், ஊசி நன்றாக இருக்கும், பிளக் சொதப்பும்.

அதைவிடப் பெரிய தொல்லை தோல். காது குத்தினால் துளையின் உட்பக்கத்தைத் தோல் தானே போர்த்தி மூடிக்கொள்கிறது. அந்தத் துளைக்கு இரண்டு பக்கமும் வெளிதான். மண்டையில் நடக்கும் கதை அப்படியல்ல: ஒரு பக்கம் குளியலறை, மறுபக்கம் எலும்பு, அதற்குக் கீழே மூளை. உலோகத்தோடு தோல் ஒருநாளும் ஒட்டி உறவாடுவதில்லை. விளிம்பு ஆறாத புண்ணாகவே நிற்கும். தினமும் துடைத்துப் பராமரிக்க வேண்டும். ஓஹாயோவில் 2014-ல் சில்லு பொருத்திக்கொண்ட இயன் பர்க்ஹார்ட், செயலற்ற தன் கையாலேயே கிட்டார் வீடியோ கேம் ஆடிக் காட்டியவர். 2021-ல் தொற்று வந்து, அதைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அப்படியானால் பிளக் வேண்டாத பொருளா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. காது கேளாதவர்களுக்கான காக்ளியர் இம்ப்ளான்ட் வந்த தொடக்க காலத்தில், அதே யூட்டாவில் 'இனரெய்டு' என்றொரு கருவி செய்தார்கள். ஆறு மின்முனைகள், காதுக்குப் பின்னால் தோலைத் துளைத்து வெளியே நீட்டிய ஒரு பிளக். பார்க்க அழகில்லை, தொற்று பயமும் உண்டு. மற்ற நிறுவனங்கள் உள்ளே வைக்கும் பாகத்தைத் தோலுக்கு அடியில் மூடி முத்திரை வைத்துவிட்டன. உள்ளே உட்கார்ந்திருக்கும் சிப் அனுமதிக்கும் மின்துடிப்பை மட்டுமே நரம்புக்கு அனுப்பலாம். இனரெய்டில் அந்தக் கெடுபிடி இல்லை. கம்பியை மாட்டினால் நேரே நரம்பு. ஆய்வாளர் பிளேக் வில்சனின் குழு அந்த நோயாளிகளிடம்தான் தங்கள் புதிய முறையைச் சோதித்தது. மின்முனைகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் விட்டால் காதுக்குள் இருக்கும் திரவத்தில் எல்லாம் கலந்துவிடுகிறது. பட்டிமன்றத்தில் எல்லாரும் சேர்ந்து கத்துவது மாதிரி. மாறாக, ஒன்று மாற்றி ஒன்றாக அதிவேகமாகத் துடிக்க விட்டார்கள். பேச்சு சட்டென்று தெளிந்தது. 1991-ல் 'நேச்சர்' இதழில் வந்த அந்த முறையின் வழித்தோன்றல்களே இன்றைய காக்ளியர் கருவிகளில் ஓடுகின்றன. வில்சனுக்கு 2013-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. இனரெய்டு பிளக் சந்தையைவிட்டே போய்விட்டது. விருதில் அதற்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

மூளைக்கு மின்சாரம் கொடுக்கும் கருவிகளில் பரவலாக இருப்பது பார்க்கின்சன் நோய்க்கானது. பிரான்சின் கிரனோபிள் நகரில் 1987-ல் அலிம் லூயி பெனபித், கை நடுக்கத்துக்காக மூளையின் தலாமஸில் ஒரு புள்ளியைச் சுட வேண்டிய அறுவையின்போது, இடம் சரிதானா என்று பார்க்க மின்துடிப்பு கொடுத்தார். வினாடிக்கு நூறைத் தாண்டியதும் நடுக்கம் நின்றது. சுடாமல், மின்முனையை அங்கேயே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. நெடுநாள் பரவலாக இருந்த கம்பி 1.27 மில்லிமீட்டர் தடிமன். நுனியில் பிளாட்டினம்-இரிடியம் வளையங்கள் நான்கு. பிளஸ் ஒரு துடிப்பு என்றால் உடனே அதே அளவு மைனஸ். இல்லாவிட்டால் உலோகம் கரையும், திசு கெட்டுப்போகும். இந்தச் சமன் செய்த துடிப்பை 1955-ல் வெளியிட்டவர் ஜான் லில்லி. பின்னாளில் டால்பின்களோடு பேசக் கிளம்பிய அதே லில்லி.

இங்கே பிளக் வெளியே இல்லை. பேட்டரி காலர் எலும்புக்குக் கீழே; கம்பி தோலடியில் கழுத்தைக் கடந்து மேலே போகிறது; இணைப்பு காதுக்குப் பின்னால், எலும்பின்மீது. கழுத்தில் இணைப்பு வைத்தால், திரும்பித் திரும்பிக் கம்பி அறுந்துவிடும். சிலருக்கோ மார்புத் தோலடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டியை விரலால் உருட்டும் பழக்கம் வந்துவிடும். பம்பரக் கயிறு மாதிரி கம்பி சுருண்டு, மின்முனை இடம் பெயரும்.

எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. இதய பேஸ்மேக்கர் கம்பிகளுக்குப் பொதுவான ஒரு தரநிலை உண்டு. ஒரு நிறுவனத்தின் கம்பி இன்னொன்றின் பெட்டியில் பொருந்தும். மூளைக் கருவிகளுக்கு அப்படி ஒரு பொது ஏற்பாடு வரவில்லை. போன் சார்ஜருக்கே ஐரோப்பாவில் சட்டம் போட்டாகிவிட்டது! பொது ஏற்பாடு இல்லாதபோது, செய்த நிறுவனம் கைவிட்டால் அவ்வளவுதான்: விழித்திரையில் 60 மின்முனைகள் வைத்துப் பார்வையற்றவர்களுக்கு மங்கலான ஒளியாவது காட்டிய 'ஆர்கஸ் 2' கருவியை 2019-ல் நிறுத்திவிட்டார்கள். உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டவர்கள் உதிரிபாகம் இல்லாத கருவியைக் கண்ணுக்குள் சுமந்துகொண்டு நின்றார்கள்.

பிளக்கை ஒழித்தே தீருவது என்று இறங்கியது நியூராலிங்க் நிறுவனம். 2024 ஜனவரியில் நோலன்ட் ஆர்பா என்ற நோயாளியின் மண்டையோட்டில் நாணயம் அளவு துளையிட்டு, மயிரைவிட மெல்லிய 64 இழைகளை ரோபோ தைத்தது. மொத்தம் 1,024 மின்முனைகள். மேலே தோல் மூடிவிட்டது. சார்ஜும் வயர்லெஸ், தகவலும் வயர்லெஸ். அவர் செஸ் ஆடுவதை உலகம் பார்த்தது. சில வாரங்களில் இழைகளில் பெரும்பாலானவை மூளையிலிருந்து வெளியே நழுவின. மூளை மண்டைக்குள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக அசைந்திருக்கிறது. மென்பொருளை மாற்றி, மிச்சமிருந்த இழைகளை வைத்தே மீண்டும் ஓட வைத்தார்கள். பிளக் போனது, லூஸ் கனெக்‌ஷன் உள்ளே குடியேறிவிட்டது.

சென்ற ஆண்டு வைகை எக்ஸ்பிரஸில் எதிர் சீட்டில் ஒரு ஐந்து வயதுப் பையன். காதுக்கு மேலே வட்டமாக ஒரு வில்லை. காந்தத்தால் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் காக்ளியர் சுருள். ஜன்னலோரம் தலையைச் சாய்த்தான். வில்லை தலையைவிட்டு டக்கென்று ஜன்னல் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. அவன் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கம்பியிலிருந்து அதைப் பிய்த்தெடுத்து, ஒயரை விளக்குக்கு நேரே பிடித்து ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி தலையில் ஒட்டினார்.

“உள்ள வச்சது அப்படியே இருக்கு சார். வெளிய இருக்கிற இந்த ஒயருதான், வருஷத்துக்கு ரெண்டு தடவ போயிடுது” என்றார். கைப்பையில் ரப்பர் பேண்ட் போட்டு இன்னொரு ஒயர் சுருட்டி வைத்திருந்தார்.