ஏழும் பன்னிரண்டும்

பிழைப்பை நாடிப் புனேக்கு வந்த நம்மில் பலருக்கு, கையில் சிறிது பணம் சேர்ந்ததும், நகரத்தை அடுத்து நிலம் வாங்கும் ஆசை பிறக்கிறது. நண்பர் நால்வர் கூடினால் எளிதாயிற்றே என்றும் தோன்றுகிறது. ஆசை நல்லதே. ஆயினும் ஊர் மாறினால் நிலத்தின் அளவும் ஆவணமும் மாறுகின்றன.

நமக்குப் பழகியது சென்ட். இங்கே வழங்குவது குந்தா. 40 குந்தா ஓர் ஏக்கர். ஆகவே ஒரு குந்தா இரண்டரை சென்ட். பட்டாவுக்கும் அடங்கலுக்கும் ஈடாக இங்கே இருப்பது 'ஸாத்-பாரா', அதாவது ஏழு-பன்னிரண்டு. ஏழாம் படிவம் உடையவர் பெயரையும் பரப்பையும், கடன் இருந்தால் அதனையும் காட்டும். பன்னிரண்டாம் படிவம் பயிர் விவரம் கூறும்.

விவசாய நிலமாயின், விவசாயி அல்லாதவர் கலெக்டரின் அனுமதியின்றி வாங்குவதை 1948ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம் தடுக்கிறது. நால்வர் கூடினாலும் அத்தடை நீங்காது. மேலும், நால்வர் பெயரும் ஒரே பதிவில் ஏறி, நிலம் அளந்து பிரிக்கப்படாவிடில், எவர் பங்கு எது என்பதே வழக்காகும். சேமிப்போடு நட்பும் போகும்.

கட்டி முடியாத அடுக்குமாடி வீடாயின், 2017இல் அமைந்த மஹாரேரா ஆணையத்தில் அத்திட்டம் பதிவு பெற்றுள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

ஆகவே நாம் ஒன்றுகூடுவோம். ஆனால் பணம் போடுவதற்கு முன், பதிவைப் படிப்பதற்காகக் கூடுவோம். மராத்தி நன்கறிந்த ஒருவர், முன்னரே வாங்கி அனுபவப்பட்ட ஒருவர், நிலச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவர்: இம்மூவரின் துணையே நமது முதல் மூலதனம். முன்பணம் அதற்குப் பின்னரே.