நான்கு ஸ்வரக் கூட்டுகளும் ஒரு நீண்ட வழக்கும்

அமெரிக்கச் சங்கீதக்காரர்கள் நாலு பேர் கூடிப் பேச ஆரம்பித்தால், ஜாஸ் வாசிப்பவர், பியானோ கற்றுக்கொடுப்பவர், ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்குக் கிட்டார் வாசிப்பவர் என்று யாராக இருந்தாலும், ஏதாவது ஒரு கட்டத்தில் தலைதூக்கிவிடுகிற விவாதம் ஒன்று உண்டு. 1950களில் அந்நாட்டு நகரங்களின் தெருமுனைகளில் வளர்ந்து, டூ-வாப் என்ற பெயரைப் பிற்பாடு அடைந்த குழுப் பாட்டும், அதன் வழியில் வந்த பழைய பாப் பாடல்களும், நான்கே ஸ்வரக் கூட்டுகளைச் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வருகின்றனவே, இவற்றைப் பெரிய சங்கீதமென்று கொண்டாடுவது தகுமா என்பதுதான் அது. ஒன்றைக் கேட்டால் நூறைக் கேட்டதற்குச் சமம் என்கிறது ஒரு கட்சி. கேட்பதற்கு எளிதாக இருப்பதெல்லாம் பாடுவதற்கும் எளிதென்று எண்ணிவிட வேண்டாம் என்கிறது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். ஆயினும் முதல் கட்சியார் சொல்வதில் அடியோடு தள்ளிவிட முடியாத உண்மை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொண்டுதான் இந்த வழக்கைப் பேச வேண்டும்.

பால்டிமோர் நகரத்து ஓரியோல்ஸ் என்ற குழுவினர் 1948இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து இந்தப் பாணி பரவத் தொடங்கியது என்று சொல்லலாம். நியூயார்க், பிலடெல்பியா, சிக்காகோ, லாஸ் ஏஞ்சலீஸ் முதலான நகரங்களில், வாத்தியம் வாங்கப் பணமோ, ஸ்வரக்குறிப்பு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆசிரியரோ இல்லாத கறுப்பின இளைஞர்கள், நான்கைந்து பேராகச் சேர்ந்து, மாடிப்படிகளின் அடியிலும், சுரங்க ரயில் நிலையங்களிலும், ஓடு பதித்த சுவர்கள் குரலை எதிரொலித்துப் பெருக்கிக் கொடுக்கும் பள்ளிக்கூடக் குளியலறைகளிலும் நின்று சாதகம் செய்தார்கள். பிற்பாடு அதே பேட்டைகளின் இத்தாலிய வம்சத்துப் பிள்ளைகளும் அவர்களைக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் பாட்டின் சாகித்தியத்தைப் பாடுவார். இன்னொருவர் அதற்கு மேலே மெல்லிய உச்சக் குரலில் மிதப்பார். நடுவில் இருவர் ஹார்மனி சேர்ப்பார்கள். கனத்த சாரீரமுள்ள ஒருவர் அடியில் நின்று, பெரிய பாஸ் பிடிலின் தந்தியைச் சுண்டுவது போன்ற ஒலியைத் தம் தொண்டையிலிருந்தே எழுப்புவார். இந்தப் பாட்டுகளில் அர்த்தமில்லாத அசைகள் மலிந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். இல்லாத வாத்தியங்களின் வேலையை அந்த அசைகள் செய்தன.

இனி, குற்றச்சாட்டுக்கு இலக்கான அந்த நான்கு கூட்டுகளைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். மூன்று ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்வதை மேல்நாட்டார் கார்ட் என்பார்கள். சங்கராபரண ஸ்வரங்களைக் கொண்டு சொல்வதானால், மூன்று பாடகர்கள் முதலில் ஸ, க, ப என்ற ஸ்வரங்களில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கூட்டுக்குப் போகும்போது பஞ்சமத்தில் நின்றவர் மட்டும் ஒரு படி ஏறித் தைவதத்தைத் தொடுகிறார். மற்ற இருவரும் நகர்வதேயில்லை. மூன்றாவது கூட்டுக்கு, காந்தாரத்தில் நின்றவர் மட்டும் மத்தியமத்துக்கு ஏறுகிறார். நான்காவதில்தான் மூவரும் ஒருசேர இறங்கி நி, ரி, ப என்று நிற்கிறார்கள். அங்கே கீழ் நிஷாதம் ஷட்ஜத்தைத் தேடித் தவிக்கிறது, ரிஷபமும் காந்தாரத்தை நோக்கி ஏங்குகிறது, பஞ்சமம் மட்டும் அசையாமல் இருக்கிறது. அந்தத் தவிப்புத் தீரும்படி மீண்டும் ஸ, க, ப வந்து சேருகிறது. இதற்கிடையில் கனத்த குரல்காரர் கீழே ஸ, த, ம என்று இறங்கி, ப என்று ஏறி, மறுபடி ஷட்ஜத்தில் கால் ஊன்றுகிறார். இரண்டு முறை நோகாத மாற்றம், ஒரு முறை முழு மாற்றம், பிறகு வீடு திரும்புதல் என்ற இந்த அமைப்பை, குறிப்பு எழுதத் தெரியாத பதினைந்து வயதுப் பையனும் காதால் கேட்டே பிடித்துக்கொள்ள முடியும். அப்படிப் பிடித்துக்கொண்டபின், தன் கவனம் முழுவதையும் குரலின் குழைவிலும், பக்கத்தில் நிற்பவனோடு சுருதி சேருவதிலும் செலுத்த முடியும். இந்த எளிமை தெருவில் நின்று பாடியவர்களுக்கு அத்தியாவசியமான வசதி என்பதை அதைப் பழிப்பவர்கள் யோசித்துப் பார்ப்பதில்லை.

இந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்தவர்கள் டூ-வாப் பாடகர்கள் அல்லர். ரிச்சர்ட் ராஜர்ஸும் லாரன்ஸ் ஹார்ட்டும் 1934இல் வெளியிட்ட 'புளூ மூன்' ஏறக்குறைய இதே பாதையில் நடக்கிறது. ஹோகி கார்மைக்கேலின் 1938ஆம் வருஷத்து 'ஹார்ட் அண்ட் சோல்' இதன்மேல் அமைந்ததாகையால்தான் அமெரிக்கக் குழந்தைகள் பலர் பியானோவில் முதன்முதலாகத் தட்டப் பழகும் பாட்டாக அது இருக்கிறது. இன்னும் பின்னோக்கிப் போனால், ஜெர்மானியரான பாகெல்பெல் பதினேழாம் நூற்றாண்டில் இயற்றிய புகழ்பெற்ற கேனனில், எட்டே ஸ்வரங்கள் கொண்ட அடித்தொடர் ஒன்று இருபத்தெட்டு முறை மாறாமல் வருகிறது. அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துரைத்தவர், நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்த தத்துவ ஆசிரியர் தியோடர் அடோர்னோ. 1941இல் அவர் எழுதிய கட்டுரை அக்காலத்து நடனப் பாட்டுகளைப் பற்றியது என்றாலும், அதன் கணை பின்னால் வந்த டூ-வாப்பையும் தைக்கக்கூடியது. உயர்ந்த சங்கீதத்தில் ஒவ்வோர் அங்கமும் முழு உருவத்தைச் சார்ந்தே அர்த்தம் பெறுகிறது என்றும், ஜனரஞ்சகப் பாட்டிலோ எலும்புக்கூடு முன்கூட்டியே தயாராக இருப்பதால், ஒரு பாகத்தை எடுத்துவிட்டு வேறொன்றை அங்கே வைத்தாலும் கேட்பவனுக்கு வித்தியாசம் தெரியாது என்றும், இப்படிப்பட்ட பாட்டு கேட்பவனுக்காகத் தானே கேட்டுவிடுவதால் அவனுடைய சிந்தனை உறங்கிப்போகிறது என்றும் அவர் வாதித்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து, தத்துவத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, ராக் அண்ட் ரோல் என்று அப்போது மொத்தமாக அழைக்கப்பட்ட இளைஞர் சங்கீதத்தின்மீது 1957இல் கடுமையாகப் பாய்ந்தபோது, அவர் அடுக்கிய குற்றங்களில் ஒன்றும் இதே புத்தியற்ற மறுகூறல்தான்.

சினாட்ராவுக்கு விடை அவருடைய சொந்த இசைத்தட்டிலேயே கிடைக்கிறது. 1961ஆம் வருஷத் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய தொகுப்பொன்றில், நெல்சன் ரிடிலின் மிடுக்கான வாத்திய அமைப்போடு, அவர் 'புளூ மூன்' பாடியிருக்கிறார். அதே வருஷ வசந்த காலத்தில், பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து வந்த, கறுப்பரும் வெள்ளையரும் கலந்த மார்செல்ஸ் என்ற ஐவர் குழு அதே பாட்டைப் பாடி, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. ராஜர்ஸ் போட்ட வர்ணமெட்டும் ஹார்ட் எழுதிய சாகித்தியமும் இருவருக்கும் பொதுவானவை. சினாட்ரா வார்த்தைகளைத் தாளத்துக்கு முன்னும் பின்னுமாகத் தள்ளி, பேசுவது போலவே பாடி, தனிமையில் இருந்த ஒருவன் காதலைக் கண்டடைந்த கதையை நம்பச் செய்கிறார். மார்செல்ஸ் குழுவிலோ, கனத்த குரல்காரர் எடுத்த எடுப்பிலேயே அர்த்தமற்ற அசைகளைச் சரமாரியாகப் பொழிந்து பாட்டைத் தள்ளிக்கொண்டு போக, அதே கதை இளைஞர் கூட்டத்தின் கும்மாளமாகிவிடுகிறது. ஸ்வரக் கூட்டுகளை எண்ணிப் பார்த்து இவ்விரண்டையும் ஒன்றென்று சொல்பவர், பாட்டில் எண்ணத்தக்கதை மட்டுமே கேட்டவர் ஆகிறார்.

என் மனத்துக்கு மிகவும் உகந்த உதாரணம், ஃபைவ் சாட்டின்ஸ் குழுவின் 'இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்'. ராணுவத்தில் இருந்த ஃபிரெட் பாரிஸ் என்ற இளைஞர் இரவுக் காவலில் நிற்கையில் இயற்றிய இந்தப் பாட்டு, 1956இல் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன் நகரத்தில், புனித பெர்னதெத் தேவாலயத்தின் நிலவறையில் பதிவு செய்யப்பட்டது. பியானோ சற்றுத் தூரத்திலிருந்து கேட்கிறது. முரசு மங்கலாக ஒலிக்கிறது. பின்னணிப் பாடகர்கள் ஒரே அசைத்தொடரைப் பாட்டு நெடுகிலும் விடாமல் திருப்பிச் சொல்கிறார்கள். நான்கு கூட்டுகளும் சொல்லிவைத்தாற்போல் வரிசையாக வந்து போகின்றன. இவற்றுக்கு நடுவே பாரிஸின் குரல் மட்டும் வரிக்கு வரி வெவ்வேறு இடத்தில் மூச்சு வாங்குகிறது. சுருதியை நேரே தொடாமல் கீழிருந்து வருடிக்கொண்டு ஏறுகிறது. பின்னணி மாறாமல் இருப்பதால்தான் இந்தச் சிறு அசைவுகள் காதில் விழுகின்றன. கூட்டுகளும் மாறி, தாளமும் மாறி, வாத்தியங்களும் ஒன்றையொன்று முந்தியிருந்தால், அந்தக் குரலின் நடுக்கத்தை யார் கவனித்திருப்பார்கள்? வெளிவந்த வருஷத்தில் விற்பனைப் பட்டியலில் இது இருபத்துநான்காம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆனால் 1960இலும் 1961இலும் மீண்டும் பட்டியலில் நுழைந்தது.

சிக்கலான சங்கீதத்தில் கைதேர்ந்தவர்கள் எல்லாரும் இந்தப் பாணியை இகழ்ந்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். நியூயார்க் பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த கார்ட்ஸ் என்ற குழு 1954இல் வெளியிட்ட 'ஷ்-பூம்' பாட்டில் சாக்ஸபோன் வாசித்த சாம் டெய்லர், காப் கேலோவேயின் ஜாஸ் வாத்தியக் குழுவில் தேறியவர். எளிய பாட்டுதானே என்று அவர் விட்டேற்றியாக வாசிக்கவில்லை. அதே பாட்டை அந்த வருஷமே கனடா நாட்டு வெள்ளைக் குழுவான குரூ-கட்ஸ் பாடி, மூலத்தைவிட அதிகமாக விற்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கூட்டுகளைப் பிரதி எடுப்பது எவ்வளவு சுலபம், துள்ளலைப் பிரதி எடுப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கிவிடும். பலரும் புரியாமல் திகைக்கும்படியான கடின இசையை எழுதிய ஃபிராங்க் ஸாப்பா, 1963இல் பெங்குவின்ஸ் என்ற டூ-வாப் குழுவுக்கு 'மெமரீஸ் ஆஃப் எல் மான்ட்டே' என்ற பாட்டை ரே காலின்ஸுடன் சேர்ந்து எழுதிக் கொடுத்தார். 1968இல் ஒரு தொகுப்பு முழுவதையும் டூ-வாப் பாணியிலேயே வெளியிட்டார்.

சுழற்சி மாறாமலேயே ஒரு பாட்டு எப்படி வளர முடியும் என்று கேட்பவர்களுக்கு, பென் ஈ. கிங் பாடி 1961இல் வெளிவந்த 'ஸ்டாண்ட் பை மீ' போதும். சரணமும் பல்லவியும் ஒரே எட்டு ஆவர்த்தனச் சுழற்சியின்மேல்தான் நிற்கின்றன. முதலிலிருந்து கடைசிவரை ஒரு கூட்டுகூட மாறவில்லை. ஆனால் முதலில் பாஸ் தந்தி மட்டும் வருகிறது, பிறகு சன்னமான தாள வாத்தியங்கள், பிறகு தனிக் குரல், பிறகு துணைக் குரல்கள், அதன்பின் பிடில்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, முடிவதற்குள் சிறிய அறை பெரிய மண்டபமாகிவிடுகிறது. ஒரே அடியை எடுத்துக்கொண்டு நெடுநேரம் நிரவல் செய்யும் வித்வானைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இருக்காது.

மறுகூறலை மனித மனம் ஏன் விரும்புகிறது என்பதைச் சங்கீத மனோதத்துவ ஆராய்ச்சியாளர் எலிசபெத் மார்கூலிஸ் சோதித்திருக்கிறார். லூசியானோ பெரியோ, எலியட் கார்ட்டர் ஆகிய நவீன மேதைகள், மறுகூறலை வேண்டுமென்றே தவிர்த்து எழுதிய படைப்புகளிலிருந்து சில பகுதிகளை எடுத்து, அவற்றின் துண்டுகளைக் கணினியால் வெட்டி, அங்கங்கே மீண்டும் வரும்படி ஒட்டி, பயிற்சியில்லாத கேட்போருக்குப் போட்டுக் காட்டினார். மூலத்தைவிட இந்த ஒட்டுவேலை இன்பமாகவும் சுவாரசியமாகவும் இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். மனிதக் கலைஞர் ஒருவர் எழுதியிருக்கக்கூடியது எது என்று கேட்டபோதும் இதற்கே கூடுதல் மதிப்பளித்தார்கள். இதைக் கொண்டு பெரியோவைவிட ஃபைவ் சாட்டின்ஸ் உயர்ந்தவர்கள் என்று நான் வாதாட மாட்டேன். அடுத்து வரப்போவதை அறிந்திருக்கும் மனம் உறங்கிவிடுகிறது என்ற அடோர்னோவின் கூற்று மட்டும் இதன்முன் ஆட்டம் காண்கிறது. அறிந்த மனம் பாட்டோடு கூடவே பாடத் தொடங்கிவிடுகிறது.

ஆயினும், முன்னமே சொன்னபடி, எதிர்க்கட்சிக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். 1950களின் முடிவில் இந்த நான்கு கூட்டுகள் வியாபாரச் சரக்காகிவிட்டன. தெருமுனைச் சாதகம் இல்லாமல், குரலில் விசேஷம் இல்லாமல், வென்ற பாட்டின் அச்சில் வார்த்து எடுக்கப்பட்ட தட்டுகள் வந்து குவிந்தன. அவற்றைப் பற்றி அடோர்னோ சொன்னது அட்சரத்துக்கு அட்சரம் பொருந்தும். ஆனால் அந்தக் குற்றம் கூட்டுகளின் தலையில் விழ வேண்டியதில்லை. பாடகர் எட் ஷீரனின் பாட்டொன்று மார்வின் கேயின் பழைய பாட்டைத் திருடியது என்று தொடுக்கப்பட்டு, 2023இல் விசாரணைக்கு வந்த வழக்கிலும், இத்தகைய கூட்டு வரிசைகள் எல்லாச் சங்கீதக்காரர்களுக்கும் பொதுச் சொத்து என்றுதான் ஷீரனின் தரப்பு வாதாடியது. அவர் தாமாகவே இயற்றினார் என்று நியூயார்க்கில் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள்.

இந்தப் பாட்டுகளைப் புதிதாகக் கேட்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் முறை முன்னால் நிற்கும் குரலைக் கேளுங்கள். இரண்டாம் முறை அதை விட்டுவிட்டு அடியில் நடக்கும் கனத்த குரலை மட்டும் தொடருங்கள். மூன்றாம் முறை நடுவில் நிற்கும் இருவரில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, முடிந்தால் கூடவே பாடிப் பாருங்கள். எளிது, கடினம் என்ற தீர்ப்பை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.