செல்ஃப் எடுக்குது... ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகலை! ஏன்?



சாவியைத் திருகினா "கிர்ர்... கிர்ர்..." என்று சத்தம் வருது. ஆனா இன்ஜின் மட்டும் பிடிக்கவே மாட்டேங்குது. கல்யாண மண்டப வாசலிலோ, பஸ் ஸ்டாண்டு பக்கத்திலோ இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடனே சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "பேட்டரி போச்சு" என்பார் ஒருவர். "பம்ப்பை மாத்துங்க" என்பார் இன்னொருவர். "தள்ளுங்கப்பா" என்பார் மூன்றாமவர். காசு போவது என்னவோ வண்டிக்காரருக்குத்தான்!

லீவு நாட்களில் என் மாமாவின் மெக்கானிக் ஷெட்டில் எடுபிடி வேலை பார்ப்பவன் நான். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் நம் இயற்பியல் பாடத்தோடு சேர்த்து எழுதுகிறேன். இது பெட்ரோல் காருக்கு மட்டும். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அது தனிக் கதை.

முதலில் சத்தத்தைக் கேளுங்க!

செல்ஃப் மோட்டார் என்பது ஊஞ்சலை முதல் தடவை தள்ளிவிடுகிற கை மாதிரி. அது இன்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றிவிடும். அதற்குப் பிறகு இன்ஜின் தானே எரிந்து, தானே ஓட வேண்டும். அந்தச் சத்தத்திலேயே பாதி விடை இருக்கிறது.

"டிக்... டிக்..." என்று மட்டும் வந்து இன்ஜின் சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, அதன் டெர்மினல், செல்ஃப் மோட்டார், இவற்றைப் பார்க்க வேண்டும்.

"உர்ர்ர்... உர்ர்ர்..." என்று இழுத்து இழுத்துச் சுற்றினால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம். 12 வோல்ட் பேட்டரி, செல்ஃப் எடுக்கும்போது சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் "விர்ர்ர்" என்று சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்க! டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் சில இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும்.

வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுற்றுகிறதா? அப்போ பேட்டரியும் செல்ஃபும் வேலை செய்யுது என்று அர்த்தம். அதை மாற்றுவது வீண் செலவு.

அடுப்புக் கணக்கு

வீட்டில் அடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு, நெருப்பு, காற்று. இன்ஜினுக்கும் அதேதான். பெட்ரோல் விறகு, ஸ்பார்க் நெருப்பு. ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இன்ஜினுக்கு இன்னும் இரண்டு தேவை: கலவையை பிஸ்டன் நன்றாக அமுக்க வேண்டும் (இதுதான் கம்ப்ரஷன்), சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும் (இதுதான் டைமிங்). 1876-ல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு இன்ஜினிலிருந்து இன்றைய பெட்ரோல் கார் வரைக்கும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஆக, ஸ்டார்ட் ஆகாத வண்டியிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இதில் எது வரவில்லை?

வரிசையாகக் கேட்க வேண்டிய கேள்விகள்

1. டேங்கில் பெட்ரோல் இருக்கா? சிரிக்காதீங்க! முள் பொய் சொல்லும். அதோடு டேஷ்போர்டில் சாவி படமோ பூட்டுப் படமோ விடாமல் மின்னுகிறதா என்றும் பாருங்க. சாவியை வண்டி அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்றால், செல்ஃப் எடுத்தாலும் இன்ஜினை ஓட விடாத வண்டிகள் உண்டு. மாற்றுச் சாவி இருந்தால் போட்டுப் பாருங்க.

2. பம்ப் சத்தம் வருதா? சாவியை "ஆன்" வரைக்கும் மட்டும் திருப்புங்க. பல கார்களில் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று ரீங்காரம் கேட்கும். கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், ரிலே, அப்புறம்தான் பம்ப்.

3. ஸ்பார்க் வருதா? இதை மெக்கானிக் டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். நாம் படிக்கிற பரிமாற்று மின்தூண்டல்தான் இங்கே வேலை செய்கிறது. 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றுகிறது இக்னிஷன் காயில். கையில் பிடித்துப் பார்க்கிற விளையாட்டே வேண்டாம்!

4. கழற்றிய பிளக் காய்ந்திருக்கா, நனைந்திருக்கா? காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருது, எரியவில்லை. அளவுக்கு மேல் பெட்ரோல் சேர்ந்துவிட்டாலும் நனையும். அப்போது ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் எடுத்தால், பல இன்ஜெக்ஷன் கார்களில் பெட்ரோல் நின்று காற்று மட்டும் போய் உள்ளே காயும்.

5. செல்ஃப் எடுக்கும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சமாவது அசையுதா? இந்தக் கேள்வியின் அருமை கீழே வருகிற விஷயத்தில் புரியும்.

டாக்ஸி அண்ணன் வண்டி

போன மே மாத லீவில் டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். மறுநாள் விடியற்காலை முகூர்த்தச் சவாரி, அட்வான்ஸும் வாங்கியாச்சு. ஏற்கெனவே வேறோர் இடத்தில் பேட்டரியை மாற்றியிருந்தார்கள். அப்பவும் எடுக்காததால், "பெட்ரோல் பம்ப்தான், மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்களாம். அதை மாற்றினால் பல நாள் வருமானம் போய்விடும் என்று முகம் வாடி நின்றார்.

மாமா ஸ்பேனரைத் தொடவே இல்லை. "டேய் மாப்ளே, பின் சீட்டுல காதை வச்சுக் கேளு" என்றார். சாவியை ஆன் செய்ததும் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்டது. பம்ப்புக்கு உயிர் இருக்கு! செல்ஃப் எடுத்தார், இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றியது, ஆனா ஆர்.பி.எம். முள் படுத்தே கிடந்தது. அப்புறம்தான் பிளக்கைக் கழற்றினார். காய்ந்திருந்தது. ஸ்பார்க்கும் இல்லை.

"பெட்ரோலும் இல்ல, கரன்ட்டும் இல்ல. ரெண்டும் ஒரே நாள்ல கெட்டுப்போகுமா? ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது எது, அதைத் தேடு" என்றார்.

எப்போது பெட்ரோல் தெளிக்கணும், எப்போது பொறி விழணும் என்று உத்தரவு போடுவது காரின் கம்ப்யூட்டர். இன்ஜின் சுற்றுகிறது என்று அதற்குச் சொல்வது கிராங்க் சென்சார். பல கார்களில் அது காந்தமும் கம்பிச்சுருளும்தான். பல் சக்கரம் அதன் முன்னே சுற்றும்போது சிறு மின்துடிப்புகள் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலேதான்! அந்தத் துடிப்பு வராவிட்டால், இன்ஜின் நிற்கிறது என்றே கம்ப்யூட்டர் நினைக்கும். பெட்ரோலும் தராது, ஸ்பார்க்கும் தராது. அந்த வண்டியில் ஆர்.பி.எம். முள் அசையாததற்கும் அதுதான் காரணம்.

டார்ச் அடித்துத் தேடியதில் சென்சாருக்குப் போகிற ஒயரை எலி கடித்திருந்தது! ஒயரைச் சேர்த்து, பற்ற வைத்து, டேப் சுற்றினார். அடுத்த செல்ஃபில் வண்டி பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு ஆன செலவு ஒயரும் கூலியும் மட்டும். மறுநாள் சவாரிக்கும் நேரத்துக்குப் போய்விட்டார்.

ஸ்கேனர் இருக்கே, அது போதாதா?

இப்போதைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்ட இடம் இருக்கிறது. அது நல்ல உதவிதான். ஆனா "கிராங்க் சென்சார் சிக்னல் வரவில்லை" என்று ஸ்கேனர் காட்டினால், சென்சாரும் கெட்டிருக்கலாம், ஒயரும் அறுந்திருக்கலாம். எங்கே தேடணும் என்றுதான் அது சொல்லும். எதை மாற்றணும் என்று சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

கவனம்! கவனம்!

* ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் எடுக்கக் கூடாது. அரை நிமிடமாவது இடைவெளி விடுங்க. இல்லாட்டி செல்ஃப் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும், பேட்டரியும் இறங்கிவிடும்.

* பெட்ரோல் வாடை அடித்தால் செல்ஃப் எடுக்கவே வேண்டாம். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது.

* நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டியைத் தள்ளிப் பயனில்லை. தள்ளுவது செல்ஃப் செய்கிற அதே வேலையைத்தான் செய்யும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்குள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கலாம்.

உங்களுக்குத் தெரியுமா?

முன்பெல்லாம் காருக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்வார்கள். அது திருப்பி அடித்துக் கை உடைந்தவர்கள் உண்டு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப், 1912-ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் வந்தது.

நண்பர்களே, வீட்டிலோ தெருவிலோ யாராவது வண்டி எடுக்காமல் தவித்தால், "எதை மாத்தலாம்?" என்று கேட்காமல் "எது வரலை?" என்று கேட்கச் சொல்லுங்க.

— 12-ஆம் வகுப்பு மாணவன்