நீரிழிவும் இரவு உறக்கமும்

நீரிழிவு பட்டணத்துச் செல்வந்தர்க்கு வரும் வியாதி என்று எண்ணியிருந்த காலம் மலையேறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. உழவர் குடும்பங்கள் இக்கணக்கிற்குப் புறம்பானவை அல்ல. மாத்திரை, உணவு, நடைப்பயிற்சி ஆகியவற்றைப் பற்றிக் கிராமங்களில் இப்போது ஓரளவு பேசப்படுகிறது. ஆனால், நோயாளியின் இரவு எவ்வாறு கழிகிறது என்று எவரும் வினவுவதில்லை. அவரும் தமக்கு வயதாகிவிட்டது, அதனால் தூக்கம் போயிற்று என்று தம்மையே சமாதானம் செய்துகொள்கிறார். பல சமயங்களில் பழி முதுமையின் மீது அன்று, சர்க்கரையின் மீதே சார்த்தத் தக்கது.

இரத்தத்தில் சர்க்கரையின் அளவு 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதனை முற்றிலும் தடுத்து நிறுத்த இயலாது. சர்க்கரை சிறுநீரில் இறங்குகிறது. இறங்கும்போது நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது. இதனால் நோயாளி இரவில் மூன்று, நான்கு முறை எழ நேரிடுகிறது. சிலர் இதற்கு அஞ்சி மாலையிலிருந்தே தண்ணீர் அருந்துவதை நிறுத்திவிடுகின்றனர். சர்க்கரை குறையாதவரை இதனால் பயனில்லை. உடல் வறண்டு போவதே மிச்சம். வயது முதிர்ந்த ஆடவர்க்கு வேறு காரணங்களாலும் இவ்வாறு நேர்வதுண்டாதலால், எது காரணம் என்பதை மருத்துவரே சோதித்துச் சொல்லவேண்டும்.

உறக்கம் கெடுவது சர்க்கரையையும் கெடுக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடைபெற்று 1999-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், நோயற்ற இளைஞர் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் இருக்கவிட்டனர். அந்தச் சில நாட்களிலேயே சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் அவர்கள் உடலில் குறைந்துவிட்டது. திடகாத்திரமான வாலிபர்களுக்கே இக்கதியென்றால் நோயாளியின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

பாதத்தில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற வலியும் இரவில் மிகுவது நரம்பு பாதிப்பின் அறிகுறியாகும். உரத்த குறட்டையை நம்மவர் ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதுகின்றனர். குறட்டை திடீரென நின்று, மூச்சும் நின்று, பின்னர் திணறலுடன் மீண்டும் தொடங்குமானால் அஃது உறக்கமே அன்று. தொண்டையின் வழி அடைபடும் நோய். பருமனான உடலுடைய நீரிழிவுக்காரரிடம் இது மிகுதியாகக் காணப்படும். உறங்குபவர் இதை அறியமாட்டார். எனவே மருத்துவரிடம் செல்லும்போது மனைவியோ மகனோ உடன் சென்று, கண்டதைக் கூறுவது நலம்.

இவை யாவற்றினும் ஆபத்தானது, இரவில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துபோவது. இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்போரும் இரவு உணவைத் தவிர்த்தாலோ, மாலையில் கடுமையாக உழைத்தாலோ, மது அருந்தினாலோ இது நேரலாம். உடுத்திய துணி நனைய வியர்ப்பது, கெட்ட கனவு, படபடப்பு, காலையில் தலைவலி ஆகியன இதன் குறிகள். மும்முனை மின்சாரம் முறைவைத்து இரவில் வரும் இடங்களில், மாத்திரையை விழுங்கிவிட்டுச் சோற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மோட்டார் போட ஓடுவோரை நாம் கண்டிருக்கிறோம். கிணற்றடியில் தனியாக மயங்கி விழுந்தால் பொழுது விடியும்வரை பார்ப்பார் இல்லை. உண்டபின்னரே புறப்படவேண்டும், மடியில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கவேண்டும், காலில் செருப்பு இருக்கவேண்டும். நடுக்கமும் வியர்வையும் கண்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை உடனே உண்டு, கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் உண்ணலாம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, 108-ஐ அழைக்கவேண்டும். ஒருமுறை இப்படி நேர்ந்தால், மருந்தின் அளவைத் தாமே குறைத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

தூக்க மாத்திரையைக் கடையில் தாமே கேட்டு வாங்குவதும், ஒரு கிளாஸ் சாராயத்தால் உறக்கத்தை வரவழைப்பதும் கேடு பயப்பன. மூச்சடைப்பு உள்ளவர்க்கு இவை அதனை மிகுவிக்கும். மாலைக்குப் பின் காபி, தேநீரை நிறுத்துவதும், நாள்தோறும் ஒரே நேரத்தில் படுப்பதும் காசு செலவில்லாத உதவிகள்.

2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நீரிழிவு மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொண்டு சென்றது. மாத்திரை பெறும்போது இரவில் எத்தனை முறை எழுந்தோம், வியர்த்ததா, கால் எரிந்ததா என்பவற்றையும் சொல்லலாமே! பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைப்பது தக்கது. ஏரிப் பாசன முறையை ஊராரே கூடி வகுத்துக்கொள்ளும் இடங்களில், இன்சுலின் போட்டுக்கொள்ளும் உழவர்க்கு இரவு முறையை மாற்றிப் பகல் முறை தரலாம். அதற்கு அரசாங்க உத்தரவு எதுவும் வேண்டியதில்லை.