வீட்டுக்குள்ளே திரை – 9: டோரா பேசுவா, அம்மம்மா கதைப்பா

பின்னேரம் நாலரை மணி. கொக்குவில் பக்கத்து வீடு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கோண்டாவில், கரவெட்டி என்றாலும் கதை மாறாது. முன்பள்ளிக்குப் போய்வந்த ஐந்து வயதுப் பேத்தி ரீவிக்கு முன்னால் பாயில் இருக்கிறாள். பின்னால் சாய்மனைக் கதிரையில் அம்மம்மா.

"அம்மம்மா, இன்னிக்கு டீச்சர் என்கூட பேசினாங்க!" என்கிறாள் பிள்ளை, முகமெல்லாம் சிரிப்பாக.

அம்மம்மா நிமிர்ந்துவிட்டார். "பேசினவவோ? ஏன், நீ என்ன குழப்படி செய்தனி?"

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. ஒருவன் பேச்சு வாங்கினான் என்றால் நன்றாகக் கிழி வாங்கினான் என்று அர்த்தம். சும்மா இருந்து உரையாடுவதற்குக் 'கதைக்கிறது' என்று வேறு சொல் இருக்கிறது. பேத்தி சொன்னது சென்னையில் குரல் கொடுத்து அனுப்பிய கார்ட்டூன் தமிழ். அம்மம்மாவின் காதில் விழுந்தது வலிகாமத்துத் தமிழ். இடையில் அகப்பட்டு ஆசிரியைக்குத்தான் வீண் கெட்டபெயர்.

இந்தத் தமிழைக் குடாநாட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கியவர்களில் முதலாவது இடம் டோராவுக்கு. சன் குழுமத்தின் சுட்டி ரீவி 2007 ஏப்ரலில் தொடங்கியது. அதில் வந்த 'டோராவின் பயணங்கள்' 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்த தொடர். அங்கே ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு டோரா ஸ்பானியச் சொற்களைக் கற்றுக்கொடுத்தாள். தமிழுக்கு வந்தபோது அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து குந்திக்கொண்டது. கூட வரும் குரங்கு புஜ்ஜி ஆனது. திருட வரும் குள்ளநரியைக் கண்டால் பிள்ளைகள் மூன்று தரம் கத்தித் தடுக்க வேண்டும். கத்தாத பிள்ளை இல்லை.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியாது. சுட்டி ரீவி தொடங்கிய அந்த ஏப்ரலில் ஏ9 வீதி மூடிக் கிடந்தது. 2006 ஆகஸ்டில் பூட்டிய பாதை, போர் முடிந்து 2009இல்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கொழும்புக்குப் போவதானால் கப்பல், இல்லாவிட்டால் விமானம். இரண்டுக்கும் காத்திருப்பும் அனுமதிப் பத்திரமும். அந்த நேரத்தில் முதுகுப்பையைப் போட்டுக்கொண்டு, வரைபடத்திடம் வழி கேட்டு, ஆறு, மலை, பாலம் எல்லாம் தாண்டிப் போய்வந்தாள் ஒரு சிறுமி. அவளை ஒருவரும் மறித்து அடையாள அட்டை கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கார்ட்டூன் வரலாற்றில் டோராதான் முதல் வேற்றுமொழிக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. அவள் பேசியதாவது தமிழ். அதற்கு முன் வந்தவர்கள் அதுவும் பேசவில்லை.

ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கே டைட்டஸ் தொட்டவத்த என்ற திரைப்பட இயக்குநர் வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தார். பக்ஸ் பணி முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. மிருகங்களோடு கதைக்கும் டாக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்த ஹித்த' ஆனார். மூலத்தை விடச் சிங்களமே சோக்கு என்று தெற்கில் இன்றைக்கும் சொல்வார்கள். சிங்களம் தெரியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதில் என்ன? அரசாங்க உத்தியோகத்தில் தெற்கிலே இருந்து வந்த மாமாவோ பெரியப்பாவோ இருந்த வீடுகளில் ஒரு வழி இருந்தது. முயல் வாயைத் திறக்கும். மாமா தமிழில் சொல்வார். முயல் நாலு சொல் சொன்னால் மாமா நாற்பது சொல்வார். அதில் எத்தனை முயலுடையது, எத்தனை மாமாவுடையது என்பதைக் கணக்குப் பார்க்க ஒருவராலும் முடியாது.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் அந்த ஆண்டே அழிந்தது. திரும்பக் கட்டி முடிய 2011 ஆயிற்று. மின்சாரம் போனது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கைக்கெட்டாத விலைக்கு ஏறியது. பற்றரி கொண்டுவரவே தடை. சைக்கிளை நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ கேட்ட காலம் அது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயும் திரியும் வைத்த விளக்குத்தான் இரவுக்கு. அந்த வெளிச்சத்தில் இரண்டு கையையும் கோத்துச் சுவரில் மான் ஓடவிட்டதும் நாய் குரைக்கவிட்டதும்தான் அன்றைய பிள்ளைகளின் கார்ட்டூன். தாளம் பிழைத்தால் நாய்க்குக் காது கழன்றுவிடும்.

ஜப்பானில் 1989இல் தயாரித்த மௌக்லி தொடர் 1993இல் ஹிந்தியில் தூர்தர்ஷனுக்கு வந்தது. ஞாயிறு காலையில் இந்தியப் பிள்ளைகள் அதற்காகவே எழும்பினார்கள். பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் அதே வயதுப் பிள்ளைகளுக்கு மௌக்லி என்று ஒருவன் இருப்பதே தெரியாது.

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது. அவர்களே இன்றைய அப்பா அம்மாக்கள். பிள்ளையோடு கார்ட்டூன் பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தகப்பனைக் கொஞ்சம் உற்றுக் கவனித்தால் இது தெரியும். பிள்ளை அலுத்துப்போய் முற்றத்துக்கு ஓடிவிடும். அப்பா 'முடிவை மட்டும் பார்ப்பம்' என்று இருப்பார். தேத்தண்ணீர் ஆறிப்போய்க் கிடக்கும். பத்து வயதில் பார்க்க வேண்டியதை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

2013இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் திறந்தபோது அதற்குள்ளே குளிரூட்டிய திரையரங்கும் வந்தது. இப்படியான அரங்கில் ஆங்கில அனிமேஷன் படம் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்க வேண்டும். திரைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் ஓடும். "அவர் தேப்பன்." "இல்லையப்பு, சாகேல்லை, நித்திரை." முன்வரிசையில் ஓர் அம்மா, பின்வரிசையில் ஒரு சித்தி என்று ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு. முப்பரிமாணக் கண்ணாடி சின்ன மூக்கில் நிற்காது. அதையும் ஒரு கை பிடித்துக்கொண்டிருக்கும். பழைய மாமாவின் வேலைதான், இடம் மட்டும் மாறிவிட்டது.

பிள்ளைகளின் தமிழ் கெட்டுப்போகிறது என்று பொருமுபவர்கள் போர்த்துக்கலைப் பார்க்கலாம். தங்கள் பிள்ளைகள் யூடியூப் பார்த்துப் பார்த்துப் பிரேசில்காரர் மாதிரிக் கதைக்கிறார்கள் என்று 2021இல் அங்கே பெற்றோர் பெரிய முறைப்பாடே வைத்தார்கள். புல்லுக்கும் பஸ்சுக்கும்கூடப் பிரேசில் சொல்லாம். அமெரிக்காவில் பெப்பா பன்றியைப் பார்க்கும் பிள்ளைகள் பிரித்தானிய உச்சரிப்போடு சாப்பாட்டு மேசைக்கு வருவதாகச் செய்தி வந்தது. சிவாஜியின் வசனத்தைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கியவர்கள்தான் இன்று அப்பப்பாக்களாக இருந்து பேரனின் 'அப்புறம்' என்ற சொல்லைக் கண்டு துடிக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

ஆனாலும் அவர்களுடைய துடிப்பில் ஒரு நியாயம் உண்டு. 'பேந்து', 'கெதியா', 'வடிவு' எல்லாம் போனாலும் அதே கருத்துக்கு வேறு தமிழ்ச் சொல் வந்துவிடும். 'உது' போனால் அந்த இடத்துக்கு ஆள் இல்லை. இது என்றால் என் பக்கத்தில் இருப்பது, அது என்றால் அங்கே இருப்பது, உது என்றால் உன் பக்கத்தில் இருப்பது. தொல்காப்பியம் சொல்லும் மூன்று சுட்டில் உகரச் சுட்டை இன்றும் புழக்கத்தில் வைத்திருப்பது யாழ்ப்பாணத்துப் பேச்சு. கார்ட்டூன் தமிழுக்கு இரண்டே சுட்டுத்தான்.

இரண்டு முதல் ஐந்து வயதுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம் போதும், அதையும் பெரியவர் ஒருவர் கூட இருந்து பார்த்து விளக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் சொன்னது. கூட இருப்பதற்கு யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆள் பஞ்சம் இருந்ததில்லை. இப்போது சிக்கல் போனால் வந்தது. சோறு தீத்துவதற்கு ஒரு போன். போனைக் காட்டினால்தான் வாய் திறக்கும். உள்ளங்கை அளவு திரைக்குள் அம்மம்மா எட்டிப் பார்க்க இடமில்லை. ரீவியில் ஓடினால் நரி எது, குரங்கு எது என்றாவது அவருக்குத் தெரியும். ஒரு சொல் கேட்பார், பிள்ளையும் ஒரு சொல் சொல்லும்.

கொக்குவில் வீட்டில் இப்போது டோரா முடிந்துவிட்டது. பேத்தி பொம்மைகளை வரிசையாக இருத்தி வைத்து, "வாங்க, நாம எல்லாரும் மலைக்குப் போகலாம்" என்று சென்னைத் தமிழில் பயணம் கிளப்புகிறாள். அதற்குள் மூன்று வயதுத் தம்பி ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான். பேத்தி திரும்பிப் பார்க்கிறாள்.

"டேய்! உதைத் தாடா, அது என்ர!"

குசினிக்குள் இருந்து அம்மம்மாவின் குரல் வருகிறது. "தம்பி, குடுத்துவிடு ராசா. இல்லாட்டி அக்கா பேசப்போறா."