கால் ஊன்றிய சொல்

முத்தியால்பேட்டையில் பழைய வீடொன்றைப் பிரிக்கும்போது செங்கற்களுக்கு இடையிலிருந்து சுண்ணாம்பு வெள்ளையாய் உதிரும். வீட்டின் கடைக்காலை ஆங்கிலத்தில் 'பேஸ்' எனலாம். கட்டும்போது குழைத்த சுண்ணாம்பும் வேதியியலில் 'பேஸ்'தான்.

பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்த இச்சொல்லின் தாய்வீடு கிரேக்கம். அங்கே 'பாசிஸ்' என்றால் முதலில் எடுத்துவைக்கும் அடி. பின்னர் ஊன்றிய கால். அதன்பின் சிலையைத் தாங்கும் பீடம். வடமொழியின் 'கமனம்' இவ்வேரின் இன்னொரு கிளை. எவரிடமும் கடன் வாங்காமல் நம் 'அடி'யும் இதே வழி நடந்திருப்பது வியப்பளிக்கிறது. காலடி, மரத்தடி, பன்னிரண்டு அங்குலம், செய்யுளின் அடி என்று அது விரிந்தது. கணக்கில் அடிமானம், முக்கோணத்தில் அடிப்பக்கம். கடைக்காலிலும் ஒரு கால் இருக்கிறது! இழிவைக் குறிக்கும் ஆங்கிலப் 'பேஸ்' மட்டும் வேறு குடி; தாழ்வைச் சுட்டும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது.

வேதியியலில் இச்சொல்லை நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் ரூவேல், ஆண்டு 1754. அன்று அறியப்பட்ட அமிலங்களுள் பல நீர்மங்கள், எளிதில் ஆவியாகுபவை. அவற்றைப் பிடித்து நிறுத்தித் திண்ணிய உப்பாக்கும் பொருளை உப்பின் அடித்தளமாக அவர் கண்டார். நம் பாடநூல்கள் அதைக் 'காரம்' என்கின்றன. ஈழத்தார் 'மூலம்' என்பர். மிளகாயை நினைவூட்டாமல் ரூவேலின் கருத்தை ஏந்திநிற்பதால் ஈழத்துச் சொல்லே சிறந்தது என்பேன்.

சுண்ணாம்பில் அக்கருத்தைக் கண்ணாலேயே காணலாம். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீர் தெளித்தால் சீறிக் கொதித்து மாவாய் நீறும். அதை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக உட்கொண்டு மீண்டும் கல்லாகும். வாயுவின் பெயரிலேயே அமிலம் இருக்கிறது. அமிலத்தன்மையுள்ள வாயுவும் காரமான சுண்ணாம்பும் கூடிப் பிறந்த உப்பே அந்தக் கல். வீட்டைத் தாங்கும் பொருள் வேதியியலிலும் தாங்கும் பொருளாய் நிற்கிறது.

புதுமனை புகும் நாளில் ஆலத்தித் தட்டின் மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு கரைப்பார்கள். காரம் பட்டதும் மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கும். அந்தச் செந்நீரைச் சுற்றி முடித்ததும், வீட்டுக்குரியவர்கள் வலது காலை எடுத்து வாசற்படிக்குள் வைப்பார்கள்.